பழைய ரெய்டு கார்டும் லினக்ஸும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய சர்வர்களில் இருந்து கழற்றிய ரெய்டு கார்டுகள், அதாவது பல டிஸ்குகளைச் சேர்த்து ஒரே டிஸ்காகக் காட்டும் கார்டுகள், இப்போது சல்லிசான விலைக்குக் கிடைக்கின்றன. அதை வாங்கி வந்து லினக்ஸ் பெட்டியில் செருகிய பிறகு வருகிற கேள்விகள்தான் இவை. பல வருடமாக நண்பர்கள் கேட்டவை, நானே முட்டி மோதிக் கற்றவை. கார்டை ஓட வைப்பது பெரும்பாலும் ஒரு சாயங்கால வேலை. அந்தக் கார்டு ஒருநாள் செத்தாலும் டிஸ்கில் இருப்பதை வெளியே எடுக்க முடிகிற மாதிரி அமைப்பதற்குத்தான் யோசனை வேண்டும், அதனால் பல பதில்களை நான் அந்தப் பக்கமே இழுத்துக்கொண்டு போவேன்.

கார்டைச் செருகி பூட் செய்துவிட்டேன், டிஸ்க் எதுவுமே தெரியவில்லை. எங்கே தொடங்குவது?

முதலில் டெர்மினலில், செருகியிருக்கிற கார்டுகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிசிஐ கட்டளையை ஓட்டுங்கள், எண்களும் டிரைவர் பெயரும் சேர்ந்து வருகிற மாதிரி. மூன்றில் ஒன்றுதான் நடந்திருக்கும். கார்டு அந்தப் பட்டியலிலேயே இல்லை என்றால் லினக்ஸைக் குறை சொல்லிப் பயனில்லை, அது ஸ்லாட், மதர்போர்டு, இணைப்புப் பின் சமாச்சாரம். பட்டியலில் இருக்கிறது, ஆனால் கீழே எந்த டிரைவரும் பிடிக்கவில்லை என்றால் உங்கள் டிஸ்ட்ரோ, அதாவது நீங்கள் போட்டிருக்கிற லினக்ஸ் வகை, அந்தக் கார்டைக் கைவிட்டிருக்கிறது. டிரைவரும் பிடித்திருக்கிறது, டிஸ்க் மட்டும் இல்லை என்றால் கார்டுக்குள் இன்னும் யாரும் அரே (டிஸ்குகளைச் சேர்த்த தொகுதி) எதுவும் உருவாக்கவில்லை. இந்த மூன்றாவதில்தான் புதியவர்கள் நிறையப் பேர் மாட்டுகிறார்கள், ஏனென்றால் உண்மையான ரெய்டு கார்டு தன்னிடம் கட்டியிருக்கிற டிஸ்கை லினக்ஸின் மையமான கெர்னலுக்கு அப்படியே காட்டாது, தான் உருவாக்கிய மெய்நிகர் டிஸ்கை மட்டும்தான் காட்டும்.

எந்தக் கார்டுக்கு எந்த டிரைவர்?

மேலே ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரைப் பார்க்காதீர்கள், சிப்பைப் பாருங்கள். டெல், ஐபிஎம், இன்டெல், ஃபுஜிட்சு என்று பெயர் எதுவாக இருந்தாலும் அந்தக் காலத்துக் கார்டுகளில் பெரும்பகுதி எல்எஸ்ஐ சிப்தான். டெல் பெர்க் 5, பெர்க் 6, எச்700, எச்710 எல்லாமே மெகாரெய்டு-சாஸ் டிரைவர். எச்200-க்கு மட்டும் எம்பிடி3சாஸ். பழைய குறிப்புகளில் எம்பிடி2சாஸ் என்று பார்த்தால் குழம்ப வேண்டாம், பிற்பாடு இரண்டும் ஒன்றாகிவிட்டன. அடாப்டெக் என்றால் ஏஏசிரெய்டு. அரெக்கா என்றால் ஆர்க்எம்எஸ்ஆர், அது 2.6.19-லிருந்தே கெர்னலோடு வருகிறது. எச்பி ஸ்மார்ட் அரேக்கு எச்பிஎஸ்ஏ.

3வேர் கார்டுகளுக்கு மூன்று டிரைவர் உண்டு: 7000, 8000 வரிசைக்கு ஒன்று, 9500-லிருந்து 9690 வரைக்கும் ஒன்று, 9750-க்குத் தனியாக ஒன்று. அந்த நிறுவனம் 2004-ல் ஏஎம்சிசி கைக்குப் போய், 2009-ல் எல்எஸ்ஐக்கு வந்து, எல்எஸ்ஐயை 2014-ல் அவாகோ வாங்கி, அவாகோ 2016-ல் பிராட்காம் என்ற பெயரை எடுத்துக்கொண்டது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், கார்டுக்குள் ஓடும் மென்பொருளான ஃபர்ம்வேரைத் தேடும்போது எந்தப் பெயரில் தேடுவது என்று தெரியாமல் நாள் முழுக்க அலைந்தவர்கள் உண்டு.

பழைய சென்ட்ஓஎஸ் 7-ல் நன்றாக ஓடியது. 8 போட்டால் இன்ஸ்டாலர் டிஸ்கே இல்லை என்கிறது. கார்டு போய்விட்டதா?

கார்டு நன்றாகத்தான் இருக்கிறது. சென்ட்ஓஎஸ் ரெட் ஹேட் லினக்ஸின் இலவச நகல்தான், 2019-ல் வந்த ரெட் ஹேட் 8-ல் பழைய கார்டுகளை ஒரேயடியாக வெட்டிவிட்டார்கள். 3வேர் டிரைவர்களையும் அரெக்கா டிரைவரையும் முழுதாக எடுத்துவிட்டார்கள். மெகாரெய்டு, எம்பிடி3சாஸ் டிரைவர்களை வைத்துக்கொண்டு, அவற்றுக்குள் இருந்த பழைய கார்டுகளின் அடையாள எண்களை மட்டும் நீக்கினார்கள். உங்கள் பட்டியலில் 1000:0060 என்று இருந்தால் அது பெர்க் 6 காலத்து 1078 சிப். 1000:0072 என்றால் சாஸ்2008. 1000:0079 என்றால் எச்700 காலத்து 2108. மூன்றும் வெட்டுப்பட்டவை. ராக்கி ரெட் ஹேட் வழியில் வருவதால் அங்கேயும் இதே கதை. அல்மாவும் முன்பு அப்படித்தான், 2024-ல் வந்த பதிப்புகளில் பழைய கார்டுகளின் எண்கள் பலவற்றைத் திரும்பச் சேர்த்துவிட்டார்கள்.

இதில் எனக்கு உண்மையிலேயே வருத்தம் உண்டு. அந்த டிரைவர் வேலை செய்யாமல் போகவில்லை, லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிடும் மூலக் கெர்னலில் இன்னும் அப்படியேதான் இருக்கிறது. ஆதரவு தரும் செலவைக் குறைக்க ஒரு நிறுவனம் எடுத்த முடிவால் நல்ல நிலையில் இருக்கிற கார்டுகள் குப்பைக்குப் போகின்றன.

வழி இரண்டு. டெபியன் அல்லது உபுண்டு போடுங்கள், பெரும்பாலும் எதுவும் செய்யாமலே டிஸ்க் தெரியும். ரெட் ஹேட் குடும்பத்தில்தான் இருந்தாக வேண்டும் என்றால் எல்ரெப்போ என்ற தன்னார்வலர் திட்டம் இந்த டிரைவர்களைத் தனித் தொகுப்பாகக் கட்டித் தருகிறது, இன்ஸ்டால் செய்யும்போதே ஏற்றுகிற டிரைவர் டிஸ்க் பிம்பங்களும் அங்கே கிடைக்கும். ஆனால் ஒவ்வொரு பெரிய கெர்னல் மேம்படுத்தலுக்கு முன்பும் அதற்கேற்ற தொகுப்பு வந்துவிட்டதா என்று பார்த்துவிட்டுத்தான் ரீபூட் செய்ய வேண்டும். பூட் ஆவதே அந்தக் கார்டு வழியாகத்தான் என்றால் இதை மறந்துவிடவே கூடாது.

பெர்க் கார்டைச் செருகினால் கம்ப்யூட்டரே ஆன் ஆகவில்லை, அல்லது 16 ஜிபி ராம் 8 ஆகத் தெரிகிறது.

இது நிறையப் பேரை ஏமாற்றியிருக்கிறது, கார்டு செத்துவிட்டது என்று நினைத்துத் தூக்கிப் போட்டிருக்கிறார்கள். சாதாரண டெஸ்க்டாப் மதர்போர்டில், அதிலும் இன்டெல் சிப்செட் இருந்தால், கார்டின் எஸ்எம்பஸ் இணைப்பு மதர்போர்டின் எஸ்எம்பஸோடு மோதும். ராம் குச்சிகளின் விவரத்தை பயாஸ் படிப்பதும் அதே இணைப்பில்தான் என்பதால் ராம் காணாமல் போகிறது. பி5, பி6 என்ற இரண்டு பின்களை மறைத்தால் போதும். சிப் தெரிகிற பக்கத்தை உங்களைப் பார்த்து வைத்துக்கொண்டு, திருகு மாட்டும் தகடு இருக்கிற முனையிலிருந்து எண்ணினால் ஐந்தாவதும் ஆறாவதும். மெல்லிய, சூடு தாங்கும் டேப்பை அந்த இரண்டின் மேல் மட்டும் ஒட்டுங்கள், பக்கத்துப் பின்னில் ஏறக் கூடாது. எதையும் வெட்டவோ சுரண்டவோ வேண்டாம், நாளைக்கு அதே கார்டு ஒரு சர்வருக்குப் போனால் டேப்பைப் பிரித்துவிடலாம்.

அப்போதும் வரவில்லை என்றால் வேறு ஸ்லாட்டில் போட்டுப் பாருங்கள். கிராபிக்ஸ் கார்டுக்கான முதல் ஸ்லாட்டில் வேறு கார்டை ஏற்காத போர்டுகள் உண்டு. எட்டு லேன் (தரவுத் தடம்) கார்டு நான்கு லேன் மட்டும் இருக்கிற நீள ஸ்லாட்டிலும் ஓடும், வேகம் பாதியாகும், அவ்வளவுதான்.

பூட் ஆகும்போது வர வேண்டிய கார்டின் அமைப்புத் திரை வரவில்லை.

பழைய கார்டின் திரை பழைய பயாஸ் முறைக்கு எழுதப்பட்டது. யுஇஎஃப்ஐ போர்டில் சிஎஸ்எம் என்ற பழைய பயாஸ் வசதியை இயக்கினால்தான் அது வரும். புதிய போர்டுகள் பலவற்றில் அந்த வசதியே கிடையாது. பெர்க் என்றால் கன்ட்ரோல்+ஆர், எல்எஸ்ஐ மெகாரெய்டு என்றால் கன்ட்ரோல்+எச், அடாப்டெக் என்றால் கன்ட்ரோல்+ஏ, 3வேர் என்றால் ஆல்ட்+3. திரை வரவே வராது என்றாலும் கவலை இல்லை. லினக்ஸ் பூட் ஆன பிறகு டிரைவர் நேராகக் கார்டோடு பேசிக்கொள்ளும், அரே உருவாக்குவதை லினக்ஸில் ஓடும் கருவியிலிருந்தே செய்துவிடலாம். அந்தக் கார்டில் இருந்து பூட் செய்ய மட்டும் முடியாது. பூட்டுக்கு ஒரு சின்ன எஸ்எஸ்டியை மதர்போர்டிலேயே மாட்டுங்கள், எப்படிப் பார்த்தாலும் அதுதான் நல்லது.

டிரைவர் ஏறுகிறது, ஆனால் கார்டு ஃபால்ட் நிலையில் இருப்பதாகக் கெர்னல் பதிவில் வருகிறது, அல்லது டிஎம்ஏ பிழைகள் கொட்டுகின்றன.

டிஎம்ஏ என்பது கார்டு நேராக நினைவகத்தைப் படிப்பதும் எழுதுவதும், அதைக் காவல் காப்பது ஐஓஎம்எம்யூ. டிஎம்ஏ பிழை என்றால் ஐஓஎம்எம்யூ மேல் சந்தேகப்படுங்கள். பழைய ஃபர்ம்வேர்கள் தங்களுக்கு ஒதுக்காத நினைவகத்தைத் தொடும். முன்பு யாரும் கேட்கவில்லை, ஐஓஎம்எம்யூ இயங்கினால் அது தடுத்துவிடும். சமீப காலத்தில் சில டிஸ்ட்ரோக்கள் அதைத் தானாகவே இயக்கிவிட்டதால், நேற்று வரை ஓடிய சர்வர் ஒரு கெர்னல் மாற்றத்துக்குப் பிறகு திடீரென்று நிற்கிறது. பூட் வரியில் ஐஓஎம்எம்யூவைப் பாஸ்த்ரூ முறைக்கு மாற்றிப் பாருங்கள், அதில் தீரவில்லை என்றால் முழுதாக அணைத்துப் பாருங்கள்.

ஃபால்ட் நிலை மட்டும் வருகிறது என்றால் முதலில் கார்டின் ஹீட்சிங்கைத் தொட்டுப் பாருங்கள். இந்தக் கார்டுகள் சர்வர் விசிறிகளின் காற்றை நம்பி வடிவமைக்கப்பட்டவை, டெஸ்க்டாப் பெட்டிக்குள் அந்தக் காற்று இல்லை. விரல் வைக்க முடியாத சூடு என்றால் ஹீட்சிங்க் மேல் ஒரு 40 மிமீ விசிறியைக் கட்டிவிடுங்கள்.

4 டிபி டிஸ்க் மாட்டினேன், 2 டிபி மட்டும் தெரிகிறது.

அந்தச் சிப் டிஸ்கின் பகுதிகளை 32 பிட் எண்ணால் எண்ணுகிறது. 512 பைட் வீதம் எண்ணினால் சுமார் 2.2 டிபியில் எண் தீர்ந்துவிடும். பெர்க் 5, பெர்க் 6 இரண்டுக்கும் இந்தத் தடை உண்டு, எந்த ஃபர்ம்வேராலும் தீராது. சாஸ்2008 சிப்பிலிருந்து மேலே போனால் இந்தப் பிரச்சினை இல்லை. இன்னும் கார்டு வாங்கவில்லை என்றால் பெர்க் 6-ஐ இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம் என்றே சொல்வேன்.

ஐடி மோடு, ஐடி மோடு என்கிறார்களே, அது என்ன? செய்யலாமா?

கார்டில் இருக்கிற ரெய்டு ஃபர்ம்வேரை அழித்துவிட்டு, டிஸ்குகளை அப்படியே கெர்னலுக்குக் கொடுக்கிற எளிய ஃபர்ம்வேரைப் போடுவது. ரெய்டை லினக்ஸின் மென்பொருள் ரெய்டான எம்டியோ, இசட்எஃப்எஸ் கோப்பு முறைமையோ பார்த்துக்கொள்ளும். வீட்டுக்கும் சின்ன அலுவலகத்துக்கும் என் பரிந்துரை இதுதான். எம்டியில் கட்டிய அரேயை எந்த லினக்ஸ் கம்ப்யூட்டரில் கொண்டுபோய் மாட்டினாலும் படிக்கும், அதே மாடல் கார்டைத் தேடி அலைய வேண்டியதில்லை.

எல்லாக் கார்டுக்கும் முடியாது. சாஸ்2008 சிப் இருக்கிற எச்200, எச்310, ஐபிஎம் எம்1015 மூன்றும் எல்எஸ்ஐ 9211-8ஐ கார்டாக மாறக்கூடியவை. பெர்க் 6, எச்700 மாறாது. மாற்றுகிறவர்கள் 20.00.07.00 என்ற ஃபர்ம்வேரையே போடுங்கள். அதே 20 வரிசையில் முதலில் வந்த பதிப்புகளில் டிஸ்க் பிழைகள் இருந்தன. எச்310-ஐ மாற்றினால் இன்னொரு லாபமும் உண்டு. டெல் ஃபர்ம்வேரில் அதன் வரிசை ஆழம் வெறும் 25, அதாவது ஒரே நேரத்தில் அவ்வளவு கோரிக்கைகளைத்தான் ஏற்கும். 9211 ஆனபிறகு அது 600. பல டிஸ்குகள் ஒரே சமயத்தில் வேலை செய்யும்போது இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

செய்யும் முன் கார்டின் பின்பக்க ஸ்டிக்கரில் இருக்கிற 16 இலக்க சாஸ் முகவரியைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், பிறகு திரும்ப எழுத வேண்டும். டிஸ்குகளைக் கழற்றிவிடுங்கள், வேறு எல்எஸ்ஐ கார்டு இருந்தால் அதையும் வெளியே எடுத்துவிடுங்கள். பழையதை அழித்த பிறகு புதியதை எழுதி முடிக்கும்வரை ரீபூட் செய்யக் கூடாது, கரண்ட் போகவும் கூடாது, யுபிஎஸ் இல்லாமல் இதில் இறங்கவே வேண்டாம். பூட் ஆகும்போது கார்டின் திரையைக் காட்டும் பூட் ரோமை எழுதாமல் விட்டுவிடலாம், பூட் ஆகும் நேரம் மிச்சமாகும். டெல் சர்வரின் உள் ஸ்டோரேஜ் ஸ்லாட்டில் இருக்கிற கார்டு என்றால் கவனம்: அந்த ஸ்லாட் டெல் அடையாளம் இல்லாத கார்டை மறுக்கும், சாதாரண ஸ்லாட்டுக்கு மாற்ற வேண்டிவரும். எச்310 மினிக்கு வழிமுறையே வேறு, முழு அளவு கார்டுக்கான கோப்பை அதில் எழுதினால் கார்டு போச்சு.

டிஸ்கில் ஏற்கெனவே தரவு இருக்கிறதா? முதலில் வேறிடத்தில் நகல் எடுங்கள். ஃபர்ம்வேர் மாறினாலும் அரே அப்படியே இருக்கும் என்று நம்பி உட்காராதீர்கள்.

ஐடி மோடுக்கு மாறாத கார்டு. டிஸ்குகளைத் தனித்தனியாக எப்படிக் காட்டுவது?

ஒவ்வொரு டிஸ்கையும் ஒற்றை டிஸ்க் ரெய்டு 0 ஆக அமையுங்கள். அசிங்கமான வழி, ஆனால் ஓடும். எஸ்எஸ்டிக்கு ட்ரிம் (எந்த இடம் காலியானது என்ற தகவல்) போய்ச் சேராது, டிஸ்க் மாற்றும் ஒவ்வொரு தடவையும் கருவியில் போய்ப் புதிதாக ஒன்றை உருவாக்க வேண்டும். எல்எஸ்ஐ கார்டுகள் தங்கள் குறிப்பை டிஸ்கின் கடைசியில் எழுதுவதால், அப்படி அமைத்த டிஸ்கை வெளியே எடுத்துச் சாதாரண சாட்டா போர்ட்டில் மாட்டினால் பெரும்பாலும் பார்ட்டிஷன்கள் தெரியும். ஜிபிடி என்ற பார்ட்டிஷன் பட்டியலின் காப்பு நகல் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை என்று ஒரு முனகல் மட்டும் வரும்.

எழுதும் வேகம் திடீரென்று பாதாளத்துக்குப் போய்விட்டது.

பேட்டரி. பத்து வருடப் பழைய கார்டில் வேறு எதையும் பார்க்கும் முன் அதைப் பாருங்கள். பேட்டரி சரியாக இருக்கும்வரை கார்டு தரவைத் தன் தற்காலிக நினைவகமான கேஷில் வாங்கிக்கொண்டு எழுதியாயிற்று என்று உடனே சொல்லிவிடும். பேட்டரி போனால் டிஸ்கில் உண்மையிலேயே எழுதி முடித்த பிறகுதான் சொல்லும். போன டிஸ்கை மீட்க உதவும் பாரிட்டித் தரவையும் எழுதுகிற ரெய்டு 5-ல் இது வலிக்கும். பேட்டரி இல்லாவிட்டாலும் கேஷைப் பயன்படுத்து என்று கட்டாயப்படுத்த ஒரு அமைப்பு உண்டு, தயவுசெய்து அதைத் தொடாதீர்கள். ஒரு கரண்ட் கட் போதும், கோப்பு முறைமையே சிதைந்துபோகும்.

மாற்றுப் பேட்டரி வாங்கினால் தயாரிப்புத் தேதியைக் கேளுங்கள். பழைய லித்தியம் பேட்டரிகள் பெட்டியில் இருந்தபடியே கெட்டுப்போகும். உப்பியிருந்தால் அதை உடனே கழற்றி வெளியே வையுங்கள். பேட்டரி நல்லதாக இருந்தும் சில மாதங்களுக்கு ஒருமுறை சில மணிநேரம் மட்டும் வேகம் குறைந்து பிறகு சரியாகிறது என்றால், அது பேட்டரியைக் காலி செய்து நிரப்பிச் சோதிக்கும் சுழற்சி. கோளாறு கிடையாது.

நல்ல டிஸ்கையே கார்டு அடிக்கடி வெளியே தள்ளுகிறது.

டெஸ்க்டாப் டிஸ்க் போட்டிருக்கிறீர்கள். படிக்க முடியாத ஒரு இடம் வந்தால் அந்த டிஸ்க் ஒரு நிமிடம், அதற்கு மேலும் முயன்றுகொண்டே இருக்கும். கார்டு சில விநாடிதான் பொறுக்கும், பிறகு டிஸ்க் செத்தது என்று முடிவுகட்டிவிடும். நாஸ் (நெட்வொர்க் சேமிப்புப் பெட்டி), சர்வர் வகை டிஸ்குகள் ஏழு விநாடியில் கைவிட்டுவிடுகிற மாதிரி அமைக்கப்பட்டவை. சில டெஸ்க்டாப் டிஸ்குகளில் இந்த ஏழு விநாடியை ஸ்மார்ட்சிடிஎல் என்ற கட்டளை மூலம் அமைக்கலாம், ஆனால் டிஸ்க் அணைந்து எழுந்தால் பெரும்பாலும் மறந்துவிடும், ஒவ்வொரு பூட்டிலும் ஓடுகிற மாதிரி வைக்க வேண்டும். எம்டி வைத்திருப்பவர்கள் எதிர்ப்பக்கமாகவும் போகலாம்: கெர்னலின் 30 விநாடிப் பொறுமையை 180 ஆக ஏற்றிவிடுங்கள்.

எஸ்எம்ஆர் டிஸ்கா, அதாவது தடங்களை ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி எழுதும் டிஸ்கா என்றும் பாருங்கள். நாஸுக்கென்று விற்கப்பட்ட சில வெஸ்டர்ன் டிஜிட்டல் ரெட் டிஸ்குகள் எஸ்எம்ஆர் என்று 2020-ல் வெளியே தெரிந்தது. அரேயை மறுபடி கட்டும் நேரத்தில் அவை திணறும்.

கார்டுக்குப் பின்னால் இருக்கிற டிஸ்கின் ஸ்மார்ட் விவரத்தை (டிஸ்க் தானே சொல்லும் உடல்நிலை) பார்க்க முடியுமா?

முடியும். ஸ்மார்ட்சிடிஎல் கட்டளையில் சாதன வகையாக மெகாரெய்டு, 3வேர், சிசிஐஎஸ்எஸ், அரெக்கா, ஏஏசிரெய்டு என்று உங்கள் கார்டின் குடும்பத்தையும் டிஸ்க் எண்ணையும் கொடுக்க வேண்டும். மெகாரெய்டில் அந்த எண் ஸ்லாட் எண் இல்லை, டிஸ்க் பட்டியலில் வரும் சாதன எண். இதையே ஸ்மார்ட்டி சேவையின் அமைப்பில் எழுதி மின்னஞ்சல் வரச் செய்யுங்கள்.

மெகாரெய்டு கார்டுகளை நிர்வகிக்கும் கருவியான மெகாசிஎல்ஐ ஓட மறுக்கிறது.

என்கர்சஸ் 5 நூலகம் இல்லை என்றால் அதை நிறுவுங்கள். அதுவும் இருந்து, கார்டே இல்லை என்கிறது என்றால், பழைய பதிப்புகளுக்குக் கெர்னல் எண் 2.6-க்கு மேல் போகும் என்றே தெரியாது. செட்ஆர்ச் கட்டளையில் கெர்னல் எண்ணை 2.6 என்று காட்டும் விருப்பம் ஒன்று உண்டு, அதன் வழியாக ஓட்டினால் ஓடிவிடும்.

பழைய எச்பி சர்வரை மேம்படுத்தினேன், ரூட் பார்ட்டிஷனையே காணோம்.

பழைய சிசிஐஎஸ்எஸ் டிரைவர் டிஸ்கைத் தன் பெயரிலேயே ஒரு தனிக் கோப்புறைக்குள் வைக்கும். எச்பிஎஸ்ஏ அதே டிஸ்கை எஸ்டிஏ என்று சாதாரணமாகக் காட்டும். பார்ட்டிஷன்களின் பட்டியலான எஃப்எஸ்டேப் கோப்பில் பழைய பெயர் இருந்தால் பூட் நின்றுவிடும். மாறாத அடையாளமான யுயுஐடிக்கு மாற்றிவிட்டு மேம்படுத்துங்கள். 4.14 கெர்னலோடு சிசிஐஎஸ்எஸ் போய்விட்டது, மிகப் பழைய கார்டுகளை எச்பிஎஸ்ஏவே பார்த்துக்கொள்ளும்.

கார்டு செத்துவிட்டது. டிஸ்குகள் நன்றாக இருக்கின்றன. தரவு கிடைக்குமா?

பெரும்பாலும் கிடைக்கும், அவசரப்படாமல் இருந்தால்.

எளிய வழி, அதே குடும்பத்துக் கார்டு ஒன்றை வாங்கி டிஸ்குகளை மாட்டுவது. புதிய கார்டு அவற்றை அந்நிய அமைப்பு என்று காட்டி, இறக்குமதி செய்யவா, அழிக்கவா என்று கேட்கும். இறக்குமதி. ஒரு சின்ன அலுவலகத்தில் இந்தத் திரையில், ராத்திரி இரண்டு மணிக்கு, களைப்பில் நான் அழிக்கும் பொத்தானை அழுத்தினேன். அரேயின் வரைபடம்தான் போகும், தரவு போகாது என்பது அப்போது எனக்குத் தெரியாது, அதை மீட்க இரண்டு நாள் ஆயிற்று, அந்த அலுவலகத்தில் சம்பளக் கணக்கு முழுக்க அதில்தான் இருந்தது. அதற்குப் பிறகு, டிஸ்குகளைக் கழற்றும் முன் எந்த ஸ்லாட்டில் எது என்று மார்க்கரால் எழுதாமல் நான் எதையும் தொட்டதில்லை.

மாற்றுக் கார்டு கிடைக்கவில்லை என்றால் எம்டியை நிர்வகிக்கும் எம்டிஅட்மின் இருக்கிறது. டிஸ்குகளைச் சாதாரண போர்ட்டில் மாட்டி, அதன் ஆய்வுக் கட்டளையை ஓட்டினால் டிடிஎஃப் என்ற பொது வடிவத்தில் எழுதப்பட்ட குறிப்பைப் பல சமயம் அடையாளம் காணும். அது படிக்கவில்லை என்றால் கையால் கட்ட வேண்டும். முதலில் டிடிரெஸ்க்யூவால் ஒவ்வொரு டிஸ்குக்கும் முழு நகல், அசலை எடுத்துத் தனியாக வைத்துவிடுங்கள். நகல்களின் மேலும் நேராக எழுதாமல், டிவைஸ் மேப்பர் ஸ்னாப்ஷாட் போட்டு அதன் மேல் சோதியுங்கள். பிறகு 'சுத்தமாக இருப்பதாக எடுத்துக்கொள்' என்ற விருப்பத்தோடு அரேயை உருவாக்கிப் பாருங்கள், குறிப்பு வடிவம் 1.0, ஏனென்றால் அது தன் குறிப்பைக் கடைசியில் எழுதும், தரவு முதல் பைட்டிலிருந்தே தொடங்கும். டிஸ்க் வரிசை, துண்டின் அளவு, பாரிட்டி சுற்றும் முறை மூன்றும் பொருந்த வேண்டும். நான்கு டிஸ்க் என்றால் வரிசை மட்டும் 24 விதம், ஒரு ஸ்கிரிப்ட் எழுதி ஓட்டலாம். படிக்க மட்டும் மவுன்ட் ஆகிவிட்டது என்பதால் சரி என்று நினைக்காதீர்கள், பல எம்பி அளவுள்ள ஒரு படத்தைத் திறந்து மேலிருந்து கீழ்வரை முழுதாக வருகிறதா என்று பாருங்கள். சின்னக் கோப்பு ஒரே துண்டுக்குள் அடங்கிவிடும், தவறான வரிசையிலும் நன்றாகவே திறக்கும்.

சிலிக்கான் இமேஜ் 3112, 3114 சிப் கார்டு ரெய்டு என்று எழுதி மலிவாகக் கிடைக்கிறதே?

அது ரெய்டு கார்டு இல்லை. ரெய்டு கணக்கை எல்லாம் விண்டோஸ் டிரைவர்தான் செய்கிறது, கார்டு வெறும் சாட்டா போர்ட். லினக்ஸில் அதைப் போர்ட்டாகவே பயன்படுத்தி எம்டி போட்டுக்கொள்ளுங்கள்.

கார்டு விடாமல் கத்துகிறது. எப்படி நிறுத்துவது?

மெகாசிஎல்ஐ போன்ற கருவியில் அலாரத்தை அடக்கும் கட்டளை உண்டு. அதற்கு முன் அரேயின் நிலையைப் பாருங்கள், பெரும்பாலும் ஒரு டிஸ்க் போயிருக்கும். போன டிஸ்கின் சீரியல் எண்ணைக் காகிதத்தில் எழுதி, நகல் சமீபத்தியதா என்று சரிபார்த்து, இல்லையென்றால் இப்போதே எடுத்து, அதற்கப்புறம் டிஸ்கை மாற்றுங்கள். மறுபடி கட்டும்போது மிச்சமுள்ள டிஸ்குகள் எல்லாம் முதல் பைட்டிலிருந்து கடைசி வரை படிக்கப்படும், வருடக்கணக்கில் யாரும் தொடாத மூலையில் இருக்கிற கெட்ட பகுதி அப்போதுதான் வெளியே வரும். மாதம் ஒருமுறை முழுச் சரிபார்ப்பு ஓடுகிற மாதிரி அமைத்திருந்தால் அது முன்பே தெரிந்திருக்கும். இன்னும் அமைக்கவில்லை என்றால் மறுபடி கட்டி முடிந்த அன்றே அமைத்துவிடுங்கள்.